வால்சால்வா சைனஸ் அன்யூரிசம் உடைந்த நோயாளியைச் சிறு மருத்துவமனையில் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இதயத்திலிருந்து பெருந்தமனி புறப்படும் இடத்தில், பெருந்தமனி வால்வின் மூன்று இதழ்களுக்கும் நேர் மேலே, தமனியின் சுவர் சற்றே வெளிப்புறம் புடைத்து மூன்று குழிவுகளாக அமைந்திருக்கும். 1666 முதல் 1723 வரை வாழ்ந்த இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் அந்தோனியோ மரியா வால்சால்வாவின் பெயரால் இவற்றை வால்சால்வா சைனஸ்கள் என்கிறோம். வலது, இடது சைனஸ்களிலிருந்து இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகள் கிளம்புகின்றன. மூன்றாவதிலிருந்து எதுவும் கிளம்பாததால் அது கரோனரி அல்லாத சைனஸ் எனப்படுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே பெருந்தமனிச் சுவரின் நடு அடுக்கு வால்வு வளையத்தோடு சரியாக இணையாமல் ஓர் இடைவெளி விட்டுப்போகிறது. அந்த நலிந்த இடம் ஆண்டுக்கணக்கில் பெருந்தமனியின் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி, கையுறையின் விரலைப்போல அருகிலுள்ள இதய அறைக்குள் புடைத்து நீண்டு (இந்தப் புடைப்பே அன்யூரிசம்), ஒருநாள் நுனியில் கிழிந்துவிடுகிறது.

இந்த நோய் அரிது. ஒரு மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். ஆனால் இது வரும்போது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் இருக்கும், அதுவரை எந்தக் குறையும் இல்லாதிருந்த ஒருவருக்கு, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாக, எந்த முன்னறிவிப்புமின்றி வருகிறது. நேரத்தோடு அடைத்துவிட்டால் நோயாளி ஏறக்குறைய இயல்பான வாழ்க்கைக்குத் திரும்புகிறார். அடைக்காமல் விட்டால் இதயம் செயலிழந்து சில ஆண்டுகளைத் தாண்டுவதே கடினமாகிறது. இதய நிபுணரோ, சிடி ஸ்கேனோ, கதீட்டர் கூடமோ இல்லாத ஒரு மருத்துவமனையில் தனியாகப் பணியில் இருக்கும் மருத்துவர், கையில் உள்ளவற்றைக் கொண்டே இந்த நோயைப் பெருமளவு உறுதியோடு கண்டறிய முடியும் என்பது என் அனுபவம். அதற்கான முறையைப் படிப்படியாக இங்கே தருகிறேன்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய ஒரே விதி

இந்த நோயின் அடையாளங்கள் எல்லாம் ஒரே உண்மையிலிருந்து பிறப்பவை. பெருந்தமனிக்குள் இருக்கும் அழுத்தம் இதயம் சுருங்கும்போதும் தளரும்போதும் வலப்பக்க அறைகளின் அழுத்தத்தைவிட அதிகம். இயல்பான ஒருவரிடம் பெருந்தமனியில் 120/80 மி.மீ. என்றால் வலது கீழறையில் ஏறக்குறைய 25/5 மி.மீ.தான் இருக்கும். ஆகவே இரண்டுக்கும் இடையே ஓட்டை விழுந்தால் இரத்தம் இரு கட்டங்களிலும், ஓய்வே இல்லாமல், பெருந்தமனியிலிருந்து வலப்பக்கம் பாயும். காதில் கேட்கும் ஒலி, விரலில் உணரும் நாடி, எக்கோ (இதய அல்ட்ராசவுண்டு) திரையில் தெரியும் நிறம், இரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் வரைபடம் ஆகிய நான்கிலும் நாம் தேடுவது இந்த இடைவிடாத ஓட்டத்தைத்தான். இதயத்துடிப்பின் ஒரு கட்டத்தில் மட்டும் கேட்பதோ தெரிவதோ வேறு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்தச் சைனஸ் எங்கே உடையும் என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மிகப் பெரும்பாலும் அன்யூரிசம் வலது சைனஸில் தோன்றி வலது கீழறைக்குள் உடைகிறது. சில வேளைகளில் வலது மேலறைக்குள்ளும் உடையலாம். அடுத்தபடியாகக் கரோனரி அல்லாத சைனஸில் தோன்றுவது, ஏறக்குறைய எப்போதும் வலது மேலறைக்குள் உடைகிறது. இடது சைனஸில் தோன்றுவது மிக அரிது. 1962இல் ஜப்பானிய அறுவை மருத்துவர்களான சக்ககிபாராவும் கொன்னோவும் வகுத்த பிரிவுகள் இந்த இடங்களை அடிப்படையாகக் கொண்டவையே. சிறு மருத்துவமனையில் இருப்பவர் அந்தப் பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையில்லை. எங்கிருந்து, எந்த அறைக்கு என்ற இரண்டு சொற்கள் போதும்.

முதல் படி: கதையைக் கேட்பது

நோயாளி சொல்லும் கதை பெரும்பாலும் மூன்று கட்டமாக இருக்கும். முதலில் திடீர் வலி வருகிறது. நடு மார்பிலோ மேல் வயிற்றிலோ வரும் அந்த வலி சில வேளை கனமான பொருளைத் தூக்கியபோது, சில வேளை எந்தக் காரணமுமின்றித் தொடங்கும். பிறகு வலி தானாகத் தணிந்து, சில மணி நேரமோ சில நாட்களோ நோயாளி ஓரளவு நன்றாகவே இருப்பார். மூன்றாவதாக மூச்சிரைப்பு தொடங்கி, படுத்தால் அதிகமாகி, கால் வீக்கமும் வலது விலாவுக்குக் கீழே கனமும் சேர்ந்துகொள்ளும். நடுவில் உள்ள அந்த அமைதிக் காலம்தான் மருத்துவரை ஏமாற்றுகிறது. வலி வந்த நாளில் வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், மூச்சிரைப்பு வந்த நாளில் நிமோனியா அல்லது ஆஸ்துமா என்று சேர்க்கப்படுகிறார். இரண்டு வருகைகளையும் ஒரே நோயின் இரண்டு முகங்களாக யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

எல்லோரும் இப்படி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழிசல் சிறியதாக இருந்தால் வலியே இல்லாமல் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மூச்சு வாங்கத் தொடங்கலாம். ஆகவே நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி, “உங்களால் கடைசியாக மூச்சு வாங்காமல் மாடி ஏற முடிந்தது எப்போது?” என்பதே. பதில் ஒரு குறிப்பிட்ட நாளைச் சுட்டினால் ஏதோ ஒன்று அன்று உடைந்திருக்கிறது என்று பொருள். அதோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், அண்மையில் பல் பிடுங்கியது, ஊசி வழிப் போதைப் பழக்கம் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். இதய உள்ளுறை அழற்சியால் (இதயத்தின் உட்படலத்தில் வரும் கிருமித் தொற்றால்) சைனஸ் அரிக்கப்பட்டும் உடையலாம். அப்படியானால் சிகிச்சையின் வரிசையே மாறுகிறது. சிறு வயதில் யாராவது இதயத்தில் ஒலி இருப்பதாகச் சொன்னார்களா என்பதும் முக்கியம். இந்த நோயாளிகளில் கணிசமானோருக்குக் கீழறைத் தடுப்பில் பிறவித் துளையும் சேர்ந்தே இருக்கும். முன்பு ஒலி இல்லை என்று பதிவான உடல் தகுதிச் சான்று ஏதேனும் இருந்தால், இன்று கேட்கும் ஒலி புதியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாம் படி: கருவிக்கு முன் கை

நோயாளியின் மணிக்கட்டை உங்கள் உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து, அவருடைய கையைத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். விரல் நுனிகளுக்குப் பதிலாக உள்ளங்கை முழுவதிலும் நாடி தட்டிவிட்டுச் சட்டென்று விழுந்துபோவதை உணர்ந்தால், பெருந்தமனியிலிருந்து இரத்தம் எங்கோ விரைவாக வழிந்தோடுகிறது. இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிப் பார்த்தால் 130/40 போன்ற அகன்ற இடைவெளி தெரியும். தானியங்கிக் கருவியை மட்டும் நம்பாமல், ஒருமுறையாவது ஸ்டெதஸ்கோப் வைத்துக் கையால் அளக்க வேண்டும். கீழ் அழுத்தம் 40க்கும் குறைவாக இருப்பது கருவியின் பிழையாகக் கருதப்பட்டு யாராலோ 60 என்று எழுதப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கழுத்துச் சிரையைப் பார்க்க வேண்டும். தலையை 45 பாகை உயர்த்தியும் சிரை புடைத்து நிற்பதும், அதே நோயாளியிடம் நாடி துள்ளுவதும் சேர்ந்து காணப்படுவதற்குத் தனிப் பொருள் உண்டு. பெருந்தமனி வால்வு கசிந்தால் நாடி துள்ளும். ஆனால் தொடக்கத்திலேயே கழுத்துச் சிரை இவ்வளவு புடைக்காது. இரண்டும் திடீரென ஒன்றாக வந்தால், பெருந்தமனி வலப்பக்க அறைக்குள் வழிகிறது என்ற எண்ணம் மனத்தில் எழ வேண்டும். நோயாளி அதிர்ச்சி நிலையில், அழுத்தம் 80க்குக் கீழே இருந்தால் மட்டும் இந்தத் துள்ளல் மறைந்துபோகலாம். அப்போது நாடியை வைத்து எதையும் மறுக்கக் கூடாது.

பிறகு உள்ளங்கையை மார்பெலும்பின் இடது கீழ் விளிம்பில், மூன்றாவது நான்காவது விலா இடைவெளிகளின் மேல் தட்டையாக வைத்துப் பாருங்கள். பூனை மடியில் படுத்து உறுமும்போது கையில் தட்டுப்படுவதைப் போன்ற அதிர்வு அங்கே இடைவிடாமல் உணரப்படும்.

மூன்றாம் படி: காது

நோயறிதலில் முக்கால் பங்கு இங்கேதான் நடக்கிறது என்று துணிந்து சொல்வேன். அறையில் மின்விசிறியை நிறுத்தி, ஆக்சிஜன் ஓட்டத்தை ஒரு நிமிடத்துக்கு மட்டும் குறைத்து, நோயாளியால் முடிந்தால் மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்கப்போவது மர்மர் என்று நாம் அன்றாடம் சொல்லும் முணுமுணுப்பு. ஆனால் முணுமுணுப்பு என்ற சொல்லுக்கு இது சற்றும் பொருந்தாது. காதுக்கு மிக அருகில், தோலுக்கு அடியிலேயே ஓர் இயந்திரம் ஓடுவதைப் போன்ற கரகரத்த, தொடர்ச்சியான ஒலி அது. முதல் இதய ஒலியும் இரண்டாம் இதய ஒலியும் அதற்குள் புதைந்துபோயிருக்கும்.

தொடர்ச்சியான முணுமுணுப்பு என்பதன் பொருளை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதயச் சுழற்சி முழுவதும் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாம் இதய ஒலியைத் தடையின்றிக் கடந்து போகிறதா என்பதே கேள்வி. நாடியில் விரலை வைத்துக்கொண்டு, தட்டும்போது கேட்கும் ஒலி, தட்டல் ஓய்ந்த பிறகும் அறுபடாமல் நீள்கிறதா என்று கவனிக்க வேண்டும். நடுவே ஒரு சிறு வெற்றிடம் விழுந்து, பிறகு வேறு சுருதியில் இன்னொரு ஒலி தொடங்கினால், அவை இரண்டு தனி முணுமுணுப்புகள். கீழறைத் தடுப்புத் துளையும் பெருந்தமனி வால்வுக் கசிவும் சேர்ந்திருக்கும் நோயாளியிடம் கேட்பது அதுதான்.

இடமும் முக்கியம். பிறவியில் மூடாமல் விடப்பட்ட தமனி நாளத்தின் ஒலியும் தொடர்ச்சியானதே, ஆனால் அது இடது காரை எலும்புக்குக் கீழே உச்சம் பெறும். இரண்டாம் இதய ஒலியை ஒட்டி உரத்துக் கேட்கும். வால்சால்வா சைனஸ் உடைந்த ஒலி அதைவிடக் கீழே, மார்பெலும்பின் ஓரத்தில் உச்சம் பெறும். வலது கீழறைக்குள் உடைந்தால் இடது ஓரத்திலும், வலது மேலறைக்குள் உடைந்தால் சற்றே வலது ஓரத்திலும் உரக்கக் கேட்கும். வலது கீழறை சுருங்கும்போது ஓட்டையை ஓரளவு நெருக்குவதால் சில நோயாளிகளிடம் ஒலி தளரும் கட்டத்தில் அதிகமாகிறது. நான் முதன்முதலில் இந்த ஒலியைக் கேட்டபோது மூடாத தமனி நாளம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஸ்டெதஸ்கோப்பை நான்கு விரற்கடை கீழே நகர்த்தியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

கைபேசியை ஸ்டெதஸ்கோப்பின் காதுக்குழாயோடு ஒட்டிப் பிடித்து 20 வினாடி பதிவு செய்துகொள்வது நல்லது. தொலைவிலுள்ள இதய நிபுணரிடம் தொலைபேசியில் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அந்தப் பதிவு விரைவாக வேலை செய்யும்.

நான்காம் படி: இசிஜி, எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை

இவை மூன்றும் இந்த நோயை உறுதிப்படுத்தாது; வேறு நோய்களை விலக்கவும், சிக்கல்களைக் காணவும் பயன்படும். இசிஜியில் விரைவான துடிப்பும், குறிப்பான இடம் எதையும் சுட்டாத எஸ்டி (கீழறைச் சுருக்க அலைக்குப் பின்வரும் கோட்டுப் பகுதி) மாற்றங்களும் இருக்கலாம். வலது கிளைத் தடையோ (வலது கீழறைக்குப் போகும் மின்பாதை அடைபடுவது), பி-ஆர் இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக எடுக்கும் நேரம்) நீள்வதோ தெரிந்தால் அதைக் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அன்யூரிசம் கீழறைத் தடுப்புக்குள் நீண்டால் மின்கடத்துப் பாதையை அழுத்தி முழு இதயத் தடையை உண்டாக்க முடியும். எக்ஸ்ரேயில் இதயம் பெருத்தும் நுரையீரல் நாளங்கள் நிறைந்தும் காணப்படும். உடைந்து ஓரிரு நாட்களே ஆகியிருந்தால் இதயத்தின் அளவு இயல்பாகவும் இருக்கலாம்.

இதயத் தசை பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோபோனின் சற்றே உயர்ந்திருப்பது வழக்கம். தளரும் கட்டத்தின் அழுத்தம் சரிந்ததால் கரோனரி தமனிகளுக்குப் போகும் இரத்தம் குறைவதன் விளைவு அது. மார்பு வலி, எஸ்டி மாற்றம், உயர்ந்த ட்ரோபோனின் ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் மாரடைப்பு என்ற சொல் தானாகவே நாவில் வரும். 28 வயது நோயாளிக்கு அந்தச் சொல்லை எழுதும் முன், குறிப்பாக இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கையில் எடுக்கும் முன், மார்பெலும்பின் ஓரத்தில் ஒருமுறை ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு எழுதுங்கள். காய்ச்சல் இருந்தால் எதிருயிரி மருந்து கொடுப்பதற்கு முன் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து இரத்த வளர்ப்புக்கு மாதிரி எடுத்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: எக்கோ

எக்கோ கருவி இல்லாத இடத்தில் மேற்சொன்னவையே நோயாளியை மேல் மருத்துவமனைக்கு அனுப்பப் போதுமானவை. கையடக்க அல்ட்ராசவுண்டு கருவியாவது இருந்தால் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: ஓட்டம் எங்கிருந்து கிளம்புகிறது, எந்த அறைக்குள் போகிறது, எந்தக் கட்டத்தில் ஓடுகிறது. மூச்சிரைக்கும் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைக்க முடியாது. அவரைப் பாதி உட்கார்ந்த நிலையில் இடப்பக்கம் சாயவைத்துத் தலையணை அணைத்துப் பார்க்க வேண்டும். இசிஜி மின்முனைகளைக் கருவியோடு கட்டாயம் இணைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் துடிப்பு 120ஐத் தாண்டிய இதயத்தில் சுருக்கம் எது, தளர்வு எது என்று கண்ணால் பிரிப்பது கடினம். இணைக்க வழியில்லை என்றால் பெருந்தமனி வால்வு திறந்திருப்பதைச் சுருக்கமாகவும் மூடியிருப்பதைத் தளர்வாகவும் கொள்ளலாம்.

மார்பெலும்பின் இடது ஓரத்தில் நெடுவெட்டுத் தோற்றத்தை முதலில் எடுக்க வேண்டும். பெருந்தமனி வால்வின் இதழ்கள் ஒட்டியிருக்கும் இரு புள்ளிகளை இணைத்து மனத்தால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது பெருந்தமனி. கீழே இருப்பது கீழறையின் வெளியேற்றப் பாதை. வலது சைனஸ் திரையில் மேல் பக்கமாக, வலது கீழறையை நோக்கி இருக்கும். அங்கிருந்து மெல்லிய சுவருள்ள பை ஒன்று வலது கீழறைக்குள் நீட்டிக்கொண்டு, காற்றில் ஆடும் துணிக்குழல்போல ஒவ்வொரு துடிப்புக்கும் அசைவதைக் காணலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பையின் நுனி நீண்டு தொங்கி, நாம் போட்ட கோட்டுக்குக் கீழேகூடப் போகும். அங்கே உடைந்த நுனியில் நிறத்தைப் பார்த்ததும் கீழறைத் தடுப்புத் துளை என்று முடிவு கட்டத் தோன்றும். ஆகவே நுனியைப் பார்த்து முடிவெடுக்காமல், பையின் வாய் எங்கே திறக்கிறது என்பதைத் தேட வேண்டும். வாய் கோட்டுக்கு மேலே, சைனஸுக்குள் திறந்தால் அது வால்சால்வா அன்யூரிசம். கீழே திறந்தால் அது தடுப்புத் துளையோ தடுப்பின் சவ்வுப் பகுதி அன்யூரிசமோ ஆகும்.

அடுத்து அதே இடத்தில் புரோபை (கருவியின் மார்பில் வைக்கும் முனையை) ஏறக்குறைய 90 பாகை திருப்பிக் குறுக்குவெட்டுத் தோற்றத்தை எடுங்கள். பெருந்தமனி வால்வு நடுவில் வட்டமாகத் தெரியும். இதைக் கடிகார முகமாகக் கொண்டால், வலது மேலறை 8 முதல் 9 மணிப் பக்கமாகவும், மூவிதழ் வால்வு (வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் இடையே உள்ளது) 9 முதல் 10 மணி அளவிலும், வலது கீழறையின் வெளியேற்றப் பாதை 11 முதல் 1 மணி வரை வட்டத்தின் மேல் வளைந்தும், நுரையீரல் வால்வு 2 மணியை ஒட்டியும் இருக்கும். வலது சைனஸின் ஓட்டம் பொதுவாக 10 முதல் 1 மணிக்குள் வெளியேறி வலது கீழறைக்குள் பாயும். கரோனரி அல்லாத சைனஸின் ஓட்டம் 7 முதல் 9 மணிக்குள் வெளியேறி வலது மேலறைக்குள் பாயும். தடுப்புத் துளையின் ஓட்டமும் இதே மணிகளில் தெரியும் என்பதால் கடிகாரம் மட்டும் போதாது. புரோபை மெல்ல மேலும் கீழும் சாய்த்து, ஓட்டம் வால்வு இதழ்களின் மட்டத்துக்கு மேலே கிளம்புகிறதா கீழேயா என்று மீண்டும் பார்க்க வேண்டும்.

இப்போது கலர் டாப்ளர். நிற வேக அளவை வினாடிக்கு 50 முதல் 60 செ.மீ. வரை வைத்துப் பல நிறக் கலவையாகத் தெரியும் கொந்தளிப்பான ஓட்டத்தைப் பிடியுங்கள். படத்தை உறையவைத்து, ஒவ்வொரு சட்டமாகப் பின்னோக்கி நகர்த்தி, வால்வு மூடியிருக்கும் சட்டங்களிலும் அந்த நிறம் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும் படத்தில் கண் ஏமாறும், உறைந்த சட்டத்தில் ஏமாறாது. இருந்தால் நோயறிதல் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

தொடர்அலை டாப்ளர் உள்ள கருவி என்றால் அந்த ஓட்டத்தின் மேல் கோட்டை வைத்து வேகத்தை அளக்கலாம். வேகத்தின் இருமடியை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும். பெருந்தமனியில் 130/40, வலது கீழறையில் 45/12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், சுருங்கும் கட்டத்தில் வேறுபாடு 85 மி.மீ., வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 4.6 மீட்டர், தளரும் கட்டத்தில் வேறுபாடு 28 மி.மீ., வேகம் ஏறக்குறைய 2.6 மீட்டர். வரைபடம் அடிக்கோட்டை ஒருபோதும் தொடாமல், மலைத்தொடர்போல ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டே இருக்கும். தடுப்புத் துளையின் வரைபடம் சுருங்கும் கட்டத்தில் உயர்ந்து, தளரும் கட்டத்தில் அடிக்கோட்டை ஒட்டி வந்துவிடும்.

வலது மேலறைக்குள் உடைந்தவர்களிடம் அடிக்கடி நடக்கும் பிழையைத் தனியே சொல்ல வேண்டும். மேலறைக்குள் பாயும் அந்த ஓட்டத்தை மூவிதழ் வால்வின் கசிவு என்று நினைத்து அளந்தால், வேகம் 5 மீட்டரைத் தாண்டி, நுரையீரல் தமனி அழுத்தம் 130 மி.மீ. என்பதுபோன்ற எண் கிடைக்கும். உடனே கடுமையான நுரையீரல் மிகை அழுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். அதன்மேல் நுரையீரலில் இரத்தக் கட்டியோ என்ற ஐயமும் எழுந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் தொடங்கப்படுகிறது. எக்கோவில் கணக்கிட்ட அந்த அழுத்தம், கையில் பட்டை கட்டி அளந்த மேல் அழுத்தத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள். நீங்கள் அளந்தது பெருந்தமனியின் அழுத்தமாகவே இருக்கலாம். உண்மையான மூவிதழ் வால்வுக் கசிவு தளரும் கட்டத்தில் தொடராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புரோபை எடுப்பதற்குள் இன்னும் நான்கைப் பார்த்துவிட வேண்டும்: இதயத்தைச் சுற்றி நீர் அல்லது இரத்தம் உள்ளதா, பெருந்தமனி வால்வு கசிகிறதா, கீழறைத் தடுப்பில் துளை உண்டா, வால்வு இதழ்களில் ஆடும் தொற்றுக் கட்டிகள் தெரிகின்றனவா. பெருந்தமனிக்குள் கிழிந்த படலம் ஆடுவது தெரிந்தால் கதை வேறு. அது பெருந்தமனிச் சுவர்ப் பிளவு.

மிக அரிதாக அன்யூரிசம் இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள்ளேயே உடையும். அங்கே தொடர் முணுமுணுப்புக்கு இடமில்லை. இரத்த அழுத்தம் சரிந்து, கழுத்துச் சிரை புடைத்து, எக்கோவில் இதயத்தைச் சுற்றி இரத்தம் தெரியும். பெரும்பாலும் நோயாளி மருத்துவமனையை எட்டுவதில்லை. எட்டியவரிடம் ஊசி வழியே இரத்தத்தை முழுவதுமாக வடிக்க முயலாமல், நாடி திரும்பும் அளவுக்குச் சிறிது மட்டும் எடுத்துவிட்டு அறுவைக் கூடத்துக்கு விரைவதே வழி.

ஆறாம் படி: அனுப்பும் வரை தாங்கிப் பிடிப்பது

நோயறிந்ததும் சிகிச்சையின் நோக்கம் ஒன்றே: பெருந்தமனியிலிருந்து இரத்தம் உடலுக்குப் போவதை எளிதாக்கி, ஓட்டை வழியே போவதைக் குறைப்பது. நோயாளியை உட்காரவைத்து, தேவைக்கேற்ப ஆக்சிஜன் கொடுத்து, நுரையீரலில் நீர் கோத்திருந்தால் ஃபுரோசிமைடு 40 மி.கி. சிரை வழியே கொடுத்துச் சிறுநீர் அளவைக் கணக்கிட வேண்டும். இரத்த அழுத்தம் இடம் கொடுத்தால் நாளங்களைத் தளர்த்தும் மருந்து உதவும். அழுத்தம் தாழ்ந்திருந்தால், இதயச் சுருக்கத்தை வலுப்படுத்தும் டோபுட்டமின் நல்ல தேர்வு. நாளங்களை மட்டும் இறுக்கும் மருந்துகளை அதிக அளவில் கொடுத்தால் திரையில் எண் உயரும், ஆனால் ஓட்டை வழியே பாயும் இரத்தமும் அதோடு உயரும். துடிப்பு வேகமாக இருக்கிறதே என்று பீட்டா தடுப்பு மருந்தால் அதைக் குறைக்கப் போகாதீர்கள். அந்த வேகம்தான் தளரும் கட்டத்தைச் சுருக்கி நோயாளியை உயிரோடு வைத்திருக்கிறது. பெருந்தமனிக்குள் வைக்கும் பலூன் பம்பு தளரும் கட்டத்தில் அழுத்தத்தை ஏற்றுவதால் இங்கே தீங்கு செய்யும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், ஹெப்பாரின், இரத்தக் கட்டி கரைப்பான் எதையும் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், எந்த மணிக்கு எவ்வளவு என்று மறைக்காமல் எழுதி அனுப்ப வேண்டும்.

மூச்சுக்குழாய் செருகுவது கடைசி வழியாகவே இருக்கட்டும், ஏனெனில் மயக்க மருந்து கொடுத்த கணத்தில் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் நிற்கும் ஆபத்து இவர்களிடம் அதிகம்.

அனுப்ப வேண்டிய இடம் திறந்த இதய அறுவை நடக்கும் மருத்துவமனை. வழியில் உள்ள பெரிய மருத்துவமனை எதுவானாலும் சரி என்று அனுப்பினால் ஒரு நாள் வீணாகும். இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இந்த ஓட்டை முதன்முதலில் 1956இல் தைத்து மூடப்பட்டது. 1994 முதல் பொருத்தமான நோயாளிகளுக்குக் கதீட்டர் வழியே அடைப்பான் வைத்து மூடும் முறையும் உள்ளது. தடுப்புத் துளை, கணிசமான வால்வுக் கசிவு, தொற்று ஆகியவை உள்ளவர்களுக்கு அறுவையே ஏற்றது. அதனால்தான் எக்கோவில் அந்த நான்கையும் தேடச் சொன்னேன்; எதிர்முனையில் தொலைபேசியை எடுக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அவற்றைத்தான்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். வலி தொடங்கிய நாளும் மணியும், மூச்சிரைப்பு தொடங்கிய நாள், கையால் அளந்த இரத்த அழுத்தம், முணுமுணுப்பு உச்சம் பெறும் இடம், எந்தச் சைனஸ், எந்த அறை, உறையில் நீர் உண்டா இல்லையா, பி-ஆர் இடைவெளி, காய்ச்சல், கொடுத்த மருந்துகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். “சைனஸ் உடைந்ததாகச் சந்தேகம்” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இதயநோய், மூச்சிரைப்பு, மேல் சிகிச்சைக்கு என்று பொதுவாக எழுதினால் நோயாளி பொது மருத்துவப் பிரிவின் வரிசையில் நிற்க நேரிடும். கைபேசியில் பதிவான ஒலியையும் எக்கோ படங்களையும் முன்கூட்டியே அனுப்பிவைக்க வேண்டும். ஆம்புலன்ஸில் நோயாளி உட்கார்ந்தபடி போகட்டும்; 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தமும், இடைவிடாமல் இசிஜியும் பார்க்கப்பட வேண்டும்; பி-ஆர் இடைவெளி நீண்டிருந்தவருக்கு வெளிப்புறப் பேஸ்மேக்கர் பட்டைகளைக் கிளம்பும்போதே மார்பில் ஒட்டிவிட வேண்டும்.

ஓட்டை மூடப்பட்டு நோயாளி சில வாரங்களில் உங்களிடமே திரும்பி வருவார். அவருடைய மார்பெலும்பின் ஓரத்தில் மீண்டும் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். பழைய இயந்திர ஒலி மெல்லியதாகவேனும் தொடர்ந்தால் மூடியதில் கசிவு மிஞ்சியிருக்கிறது. தளரும் கட்டத்தில் மட்டும் ஊதல் போலக் கேட்டால் பெருந்தமனி வால்வு கசிகிறது. அடைப்பான் வைத்தவர் சிறுநீர் கறுத்த தேநீரின் நிறத்தில் போகிறது என்று சொன்னால், மிஞ்சிய சிறு கசிவில் மோதிச் சிவப்பணுக்கள் சிதைகின்றன. அன்றே ஹீமோகுளோபினும் பிலிருபினும் பார்த்து, அடைப்பான் வைத்த மருத்துவரை அழைக்க வேண்டும்.